பள்ளி நூலகத்திற்குப் பட்டைக்கோடு படிக்கும் கருவி வாங்குதல்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர், தரகர் சொல்லும் விலையை முதலில் காதில் போட்டுக்கொள்வதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், இயன்றால் ஏரில் பூட்டி இரண்டு சால் ஓட்டியும் பார்க்கிறார். இவ்வளவு எச்சரிக்கையுள்ள அதே மனிதர், ஊராட்சி உறுப்பினராக அமர்ந்து பள்ளிக்கூடத்திற்கு ஒரு மின்னணுக் கருவி வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும்போது, விலைப்புள்ளியின் கடைசி வரியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறார். கருவியின் உள்விவகாரம் நமக்கு எங்கே விளங்கப்போகிறது என்னும் தயக்கமே இதற்குக் காரணம். இத்தயக்கத்திற்கு இடமில்லை என்பதை ஒரு சிறு கருவியைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். கடைகளில் விலை போடும்போது பொருளின் மேல் காட்டி 'பீப்' என்று ஒலி எழுப்புகிறார்களே, அந்த ஸ்கேனர்தான் அது. பள்ளி நூலகங்களுக்கு அதனை வாங்கித் தரவேண்டும் என்ற கோரிக்கை பள்ளி மேலாண்மைக் குழுக்களிடமிருந்து நம்மிடம் வருகிறது. முன்னாள் மாணவர் சிலரும் அதற்கென நன்கொடை தர முன்வருகின்றனர்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில், பள்ளி ஆய்வுக்குச் சென்றிருந்தபோது கூலி வேலை செய்யும் ஒருவர் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று பதிவேடு கூறிற்று. தந்துவிட்டேன் என்று அச்சிறுமி கூறினாள். பதிவேட்டில் எழுதியிருப்பதுதானே பேசும்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, புத்தகத்தின் விலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தந்தை வந்திருந்தார். அன்று மாலையே அப்புத்தகம் அலமாரியில் இருக்கக் கண்டோம். திரும்பி வந்ததைக் குறித்தவர் ஒரு வரி தள்ளி, வேறொரு மாணவியின் பெயருக்கு நேரே குறித்துவிட்டார். பணம் திருப்பித் தரப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால் அச்சிறுமி அதன் பின்னர் நூலகத்தின் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள் என்று ஆசிரியை பின்னர் கூறினார். புத்தகத்தின் விலை சில பத்து ரூபாய்; போன வாசகியின் விலையை எந்தத் தணிக்கையில் எழுதுவது?

கை தவறி ஒரு வரி மாறுவதைத் தடுப்பதற்கென்றே இக்கருவி ஏற்பட்டிருக்கிறது. வேகம் என்பது இரண்டாவது பயனே.

கருவி எவ்வாறு படிக்கிறது?

கறுப்பு வெள்ளைக் கோடுகளை அடுத்தடுத்து அமைத்து எண்களைக் குறிக்கலாம் என்னும் கருத்து அமெரிக்கர்களான நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவருக்கு உரியது. மியாமி கடற்கரை மணலில் மோர்ஸ் தந்தி முறையின் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழே இழுத்து நீட்டியபோது இந்த எண்ணம் தோன்றியதாக உட்லண்ட் பின்னாளில் கூறியிருக்கிறார். அவர்கள் 1949-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1952 அக்டோபர் 7 அன்று வழங்கப்பட்டது. நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1952 அக்டோபர் 2-க்கு ஐந்தே நாட்கள் பின்னர் என்பது நம்மைப் போன்ற வளர்ச்சி அலுவலர்களுக்கு ஒரு வேடிக்கையான ஒற்றுமை. எனினும் கணிப்பொறியும் லேசர் ஒளியும் மலிவாகும் வரை அக்கருத்து காத்திருக்க வேண்டியதாயிற்று. 1974 ஜூன் 26 அன்றுதான், ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் இன்றைய முறையில் முதன்முதலாகப் படிக்கப்பட்டது.

கருவியின் செயல் எளியது. அதிலிருந்து ஒளி பாய்கிறது. வெள்ளைப் பகுதி அவ்வொளியைத் திருப்பி அனுப்புகிறது. கறுப்புப் பகுதி விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கண்டு, எந்தக் கோடு தடித்தது, எது மெலிந்தது என்று அளந்து, அதற்குரிய எண்ணைக் கருவி கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அனுப்பும் முறைதான் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான கருவிகள் விசைப்பலகையைப் போலவே நடந்துகொள்கின்றன. யாரோ ஒருவர் மிக விரைவாகவும் பிழையின்றியும் அந்த எண்ணைத் தட்டெழுதி, முடிவில் 'என்டர்' விசையையும் அழுத்தியது போலவே கணிப்பொறி எண்ணிக்கொள்கிறது. ஆகவே தனி மென்பொருள் இருந்தால்தான் கருவி வேலை செய்யும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டியதில்லை. கணிப்பொறியில் வெற்றுக் குறிப்பேட்டைத் திறந்துவைத்துப் புத்தகத்தைக் காட்டினால் எண் விழ வேண்டும். மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பது இதுதான்.

விசைப்பலகை போல் நடப்பதால் நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு விசித்திரத் தொல்லை உண்டாவதைக் கண்டிருக்கிறோம். கணிப்பொறி தமிழ் எழுத்துக்கு மாற்றப்பட்டிருக்கும் நிலையில், ஆங்கில எழுத்துகள் கலந்த ஒட்டுச்சீட்டைப் படித்தால், திரையில் பொருளற்ற தமிழ் எழுத்துகள் வந்து விழுகின்றன. கருவி பழுது என்று கருதி ஒரு பள்ளியில் அதைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் சோதித்துவிட்டு நல்ல நிலையில் உள்ளது என்று மீண்டும் அனுப்பினார். இப்படியே அது மூன்று முறை பேருந்தில் பயணம் செய்தது. ஒட்டுச்சீட்டில் எழுத்தைத் தவிர்த்து எண்களை மட்டும் அச்சிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

வாங்கத்தான் வேண்டுமா?

இந்த வினாவை எழுப்பாமல் தீர்மானம் எழுதக் கூடாது. முந்நூறு நானூறு நூல்கள் உள்ள தொடக்கப் பள்ளியில், நாளைக்குப் பத்துப் பிள்ளைகள் நூல் எடுக்கிறார்கள் என்றால், கோடிட்ட நோட்டுப் புத்தகமும் பொறுப்பான ஓர் ஆசிரியரும் போதும். அப்பணத்திற்குக் கதைப் புத்தகங்கள் வாங்குவதே மேல். கணிப்பொறியே இல்லாத பள்ளிக்கு ஸ்கேனர் வாங்குவது கிணறு வெட்டாமல் பம்புசெட் வாங்குவதை ஒக்கும். இதையும் நாம் கண்டதுண்டு. இரண்டாயிரம் மூவாயிரம் நூல்கள் உள்ள உயர்நிலைப் பள்ளியாயின் நிலைமை வேறு. அங்கே ஆண்டுக்கொரு முறை இருப்புச் சரிபார்ப்பு நடத்த வேண்டும். ஒரு நூலை எடுத்து, எண்ணைப் பார்த்து, பதிவேட்டில் தேடிக் குறியிட அரை நிமிடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 3,000 நூல்களுக்கு 25 மணி நேரம் ஆகிறது. கருவியைக் கொண்டு நூல் ஒன்றுக்குப் பத்து வினாடி என்றால் எட்டரை மணிக்குள் முடியும். மூன்று நாள் வேலை ஒரு நாளில் அடங்கும். மிச்சமாகும் இரண்டு நாட்களும் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியருடையவை.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பதாகும். அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற நடமாடும் நூலகமும் தொடங்கிற்று. வண்டியும் மாடும் அன்றைய கருவி. நோக்கம் புத்தகம் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்வது.

மூவகைக் கருவிகள்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். லேசர் ஒளிக் கருவியில் ஒரு சிறு கண்ணாடி இடைவிடாது ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் சிவப்புக் கோடு தெரிகிறது. சற்றுத் தொலைவிலிருந்தும் படிக்கும் என்பது இதன் சிறப்பு. ஆடும் உறுப்பு உள்ளே இருப்பதால் கீழே விழுந்தால் பழுதாகும் வாய்ப்பு அதிகம் என்பது குறை. இதன் ஒளி குறைந்த ஆற்றலுடையதே எனினும், பிள்ளைகள் விளையாட்டாக ஒருவர் கண்ணில் ஒருவர் அடித்துப் பார்க்க இடந்தரலாகாது. இரண்டாவது வகை, சிறு விளக்கின் ஒளியைப் பாய்ச்சி ஒரு வரிசை உணர்விகளால் கோடுகளைப் படிப்பது, சி.சி.டி. என்று கடைக்காரர்கள் கூறுவர். ஆடும் உறுப்பு இதில் இல்லை, விலையும் குறைவு, ஆனால் புத்தகத்தை அருகில் கொண்டுவர வேண்டும். நூலக மேசையில் புத்தகம் எப்படியும் கைக்கருகில்தானே இருக்கிறது? ஆகவே அது ஒரு குறையாகாது.

மூன்றாவது வகை ஒளிப்படக் கருவி போன்றது. கோட்டை மட்டுமன்றி, சதுரக் கட்டங்களாலான கியூ.ஆர். குறியீட்டையும் படிக்கும், புத்தகத்தை எப்படித் திருப்பிக் காட்டினாலும் படிக்கும், கைப்பேசித் திரையிலிருந்தும் படிக்கும். கியூ.ஆர். குறியீடு 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனக் குழுமத்தினர் உருவாக்கியது. நம் மாநிலத்தில் 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டதால் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அது அறிமுகமாயிற்று. 'பாடநூல் குறியீட்டையும் படிக்குமே, ஆதலால் விலை கூடியதையே வாங்குங்கள்' என்று விற்பனையாளர் கூறுவார். அந்தக் குறியீடு காணொளிக்கு இட்டுச் செல்வது; அதற்கு ஆசிரியரின் கைப்பேசி போதும். நூல் கொடுத்து வாங்கும் பணிக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. நமது கருத்து இதுதான்: இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் விலை வேற்றுமை சில நூறு ரூபாயாக இருப்பின் மூன்றாவதை வாங்கலாம், கசங்கிய சீட்டையும் அது ஓரளவு படித்துவிடும். வேற்றுமை ஆயிரக்கணக்கில் சென்றால் இரண்டாவதே போதும்.

கம்பியில்லாக் கருவியைப் பலர் விரும்புகின்றனர். நாம் கம்பியுள்ளதையே பரிந்துரைக்கிறோம். கம்பியில்லாததற்கு மின்னூட்டம் செய்ய வேண்டும். கோடை விடுமுறை முடிந்து திறக்கும்போது அதன் மின்கலம் செத்துக் கிடக்கும். அலமாரிக்குள் வைத்து மறந்தும் போவார்கள். கம்பியுள்ளது மேசையை விட்டு நகராது. இருப்புச் சரிபார்ப்பின்போது அலமாரி வரை செல்ல வேண்டுமாயின், மடிக்கணினியை ஒரு சிறு மேசையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் ஆயிற்று.

பள்ளிக் கட்டடங்கள் சிமெண்டுத் தரையுடையவை. ஆதலால் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று உற்பத்தியாளர் எழுத்தில் கூறியுள்ள கருவியையே கேட்க வேண்டும். கருவியைச் சாய்த்து வைக்க ஒரு நிலைத்தாங்கியும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். தாங்கியில் நின்றபடியே, விசையை அழுத்தாமல், புத்தகத்தைக் காட்டியவுடன் படிக்கும் வசதியிருந்தால் சிறு பிள்ளைகளும் தாங்களே நூல் எடுத்துக் குறித்துக்கொள்ளலாம்.

சீட்டில்தான் சூட்சுமம்

விதை நன்றாயிருந்தும் நிலம் பக்குவப்படாவிட்டால் விளைச்சல் இல்லை. இங்கு நிலம் என்பது புத்தகத்தில் ஒட்டும் சீட்டு. கருவி வேலை செய்யவில்லை என்று நமக்கு வந்த புகார்களில் அநேகம் சீட்டின் குற்றமாகவே முடிந்தன.

புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகி வந்திருக்கும் பட்டைக்கோடே போதாதா என்று உறுப்பினர் ஒருவர் நம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. அது பன்னாட்டு நூல் எண். 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்டது. பெரும்பாலும் 978 என்று தொடங்கும். அடுத்து 81 அல்லது 93 வந்தால் இந்திய வெளியீடு. அந்த எண் ஒரு நூலின் பதிப்பைக் குறிக்குமேயன்றி ஒரு பிரதியைக் குறிக்காது. திருக்குறள் உரை ஒன்றில் பத்துப் பிரதிகள் இருந்தால் பத்துக்கும் எண் ஒன்றே. எந்தப் பிரதி எந்தப் பிள்ளையிடம் இருக்கிறது என்பதை அதனால் அறிய முடியாது. ஊர் முழுவதும் உள்ள காங்கேயம் காளைகளுக்கெல்லாம் காங்கேயம் என்றே பெயர் வைத்தாற்போலத்தான். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் நூல் இருப்புப் பதிவேட்டிலுள்ள எண்ணைக் கொண்டு நாமே சீட்டு அச்சிட்டு ஒட்ட வேண்டும். பின்னட்டை எண்ணின் பயன் வேறு: புதிய நூலின் பெயர், ஆசிரியர் முதலிய விவரங்களைக் கணிப்பொறியில் தேடிச் சேர்க்கும்போது அது கைகொடுக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு கணக்குப் பயிற்சியும் ஆகும். 13 இலக்கங்களையும் முதலிலிருந்து 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை மீதியின்றி 10-ஆல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண்ணை எழுதியவர் எங்கோ தவறியிருக்கிறார்.

பின்னட்டையில் ஏற்கெனவே ஒரு கோடு இருப்பதால் நம் சீட்டை அதன் அருகில் ஒட்டினால் கருவி இரண்டில் எதையேனும் படித்துவிடும். முன்னட்டையின் உட்புறமோ தலைப்புப் பக்கமோ நல்ல இடம். எல்லா நூல்களிலும் ஒரே இடமாக இருத்தல் அவசியம். நூலின் முதுகில் ஒட்டினால் வளைவினால் கோடுகள் சிதைந்து தெரியும்.

எண் முறைகளில் கோட் 39, கோட் 128 என இரண்டு பரவலாக வழங்குகின்றன. கோட் 128 எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அடக்கவல்லது. ஆதலால் ஆறு இலக்க எண் சிறிய சீட்டில் அமையும். எண்ணை 000001 என்று தொடங்க வேண்டாம். கணக்கு விரிதாளில் ஏற்றும்போது முன்னாலுள்ள பூச்சியங்கள் மறைந்துபோய், சீட்டிலுள்ள எண்ணும் கணிப்பொறியிலுள்ள எண்ணும் ஒவ்வாமற்போகும். 100001 என்று தொடங்கினால் வம்பில்லை. கோடுகளின் இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். மிக மெலிந்த கோட்டின் அகலத்தைப் போல் பத்து மடங்கு வெற்றிடம் என்பது கணக்கு. சிக்கனம் கருதிச் சீட்டின் ஓரம் வரை கோட்டை அச்சிட்டவர்கள், எது தொடக்கம் எது முடிவு என்று கருவிக்குத் தெரியாமல் திண்டாடியிருக்கிறார்கள்.

அழகுக்காகச் சிவப்பு மையில் அச்சிட்டதையும் ஒரு பள்ளியில் கண்டோம். கருவியின் ஒளியும் சிவப்பு, கோடும் சிவப்பு. சிவப்பு மை சிவப்பொளியை வெள்ளைக் காகிதம் போலவே திருப்பி அனுப்பிவிடுவதால், நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோடு கருவியின் கண்ணுக்கு வெற்றுத் தாளாகிவிட்டது. கறுப்புக் கோடு, வெள்ளைத் தாள்; வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

இன்னொன்று பணநட்டம் விளைவிப்பது. பேருந்துச் சீட்டு போன்ற வெப்பத் தாளில் சீட்டு அச்சிட்டுத் தரும் கடைகள் உண்டு. மை வேண்டாத அத்தாள் வெயிலாலும் வெப்பத்தாலும் நாளடைவில் மங்கும். ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சித்திரையைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான சீட்டுகளை மீண்டும் ஒட்ட நேரிடும். சாதாரண லேசர் அச்சுப்பொறியில் ஒட்டுத்தாளை வைத்து அச்சிட்டால் போதுமானது. மேலே ஒளிபுகும் நாடா ஒட்டுவதாயின் பளபளப்பில்லாததாகப் பார்க்க வேண்டும். பளபளப்பு ஒளியை எதிரடித்துக் கருவியைத் திகைக்க வைக்கும்.

ஒட்டும்போது இருவர் அமர வேண்டும். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து எண்ணையும் நூலின் பெயரையும் உரக்கச் சொல்ல, மற்றவர் ஒட்ட வேண்டும். சீட்டு ஒரு முறை மாறி ஒட்டப்பட்டால், கருவி அத்தவற்றை ஆண்டுக்கணக்கில் அப்படியே பிழையின்றித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். கைத்தவறு ஒரு சிறுமியின் பெயரில் ஏறியதை முன்னர்க் கூறினோம். கருவியின் மூலமும் அது ஏறக்கூடும். ஆதலால் புத்தகம் திரும்பி வரும்போது திரையில் தோன்றும் நூலின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் வாய்விட்டுப் படித்துக் காட்டும் வழக்கத்தை நூலகப் பொறுப்பாசிரியர் மேற்கொள்ள வேண்டும். பிள்ளை தலையசைத்த பிறகே அடுத்த புத்தகம்.

நூலக மென்பொருளுக்குப் பணம் செலவிடத் தேவையில்லை. நியூசிலாந்தின் ஒரு நூலகத்திற்காக உருவாக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா விலையின்றிக் கிடைக்கிறது. தமிழ் எழுத்தையும் ஏற்கும். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயாவும் உண்டு. இவற்றை நிறுவத் தெரிந்தவர் இல்லாத பள்ளியில் ஒரு விரிதாளைக் கொண்டே தொடங்கலாம். மின்சாரம் நின்ற நேரத்தில் எழுத ஒரு நோட்டு எப்போதும் மேசையில் இருக்கட்டும்.

வாங்கும் நாளில்

மூன்று இடங்களிலேனும் விலைப்புள்ளி பெற வேண்டும். விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் 'ஸ்கேனர் ஒன்று' என்று மட்டும் எழுதினால், ஒருவர் காகிதத்தை நகலெடுக்கும் ஸ்கேனருக்கும் மற்றவர் கடைக் கருவிக்கும் விலை எழுதி அனுப்புவர், ஒப்பிட வழியிராது. வகை, கம்பியின் நீளம், தாங்கி, விழுந்தாலும் தாங்கும் உயரம், உத்தரவாத ஆண்டுகள், பழுதானால் மாவட்டத் தலைநகரிலேயே மாற்றித் தருவாரா என்பன யாவும் எழுதப்பட வேண்டும். மிகக் குறைந்த விலை என்பதற்காக உத்தரவாதமற்றதை எடுத்தல் சிக்கனமாகாது.

கடைக்கோ அல்லது கருவியைக் கொண்டுவந்து காட்டும் விற்பனையாளரிடமோ வெறுங்கையோடு போகக் கூடாது. நம் நூலகத்திலிருந்தே இருபது புத்தகங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் நாம் சீட்டு ஒட்டியவை சில, கசங்கியவை சில, பின்னட்டையில் எண் உள்ளவை சில இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை காட்டி, முதல் முறையிலேயே எத்தனை தடவை படிக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சன்னலருகே வெயில் படும் இடத்திலும் ஒரு முறை, அறையின் மங்கிய மூலையிலும் ஒரு முறை பார்க்க வேண்டும். மாணவி ஒருத்தியின் கையில் கருவியைக் கொடுத்து, அவள் சிரமமின்றிப் பிடிக்கிறாளா என்பதையும் கவனிக்கலாம். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும்.

வாங்கியபின் இருப்புப் பதிவேட்டில் கருவியின் வரிசை எண்ணோடு பதிந்து, பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். கருவியோடு வரும் சிறு கையேட்டில் பக்கந்தோறும் பட்டைக்கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். அவை கருவிக்கு இடும் கட்டளைகள். ஒன்றைக் காட்டினால் ஒலி நின்றுவிடும், மற்றொன்றைக் காட்டினால் 'என்டர்' அழுத்துவது நின்றுவிடும். பிள்ளைகள் ஆவலால் அக்கையேட்டைக் கருவிக்குக் காட்டி விளையாடிவிட்டால், மறுநாள் கருவி வேறு பிறவி எடுத்தாற்போல் நடக்கும். கையேட்டைத் தலைமையாசிரியரின் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். அதில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்கும் கட்டளைக்கோடு ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்குமாறு பொறுப்பாசிரியரிடம் கூறிவிட்டு வரவும்.